சீனக் கல்லூரி வகுப்பில் பேச்சு ஆங்கிலம்: புதிதாகப் போகும் ஆசிரியருக்கு

செப்டம்பர் மாதக் கடைசி. ஹூனான் மாகாணத்தின் தலைநகர் சாங்ஷாவில் ஒரு பல்கலைக்கழகம். முதலாண்டு மாணவர்கள் ராணுவப் பயிற்சியை முடித்துவிட்டு, வெயிலில் கறுத்த முகத்தோடு வகுப்புக்கு வந்திருந்தார்கள். மொத்தம் 36 பேர். "உங்கள் ஊரைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவரும் நிமிரவில்லை. பத்து விநாடி போனது. எனக்குத் தாங்கவில்லை, என் ஊரைப் பற்றி நானே பேச ஆரம்பித்தேன். அந்த 45 நிமிடமும் நான்தான் பேசினேன்.

இடைவேளையில் வெந்நீர் பிடிக்கும் இடத்தில் ஒரு மாணவி பக்கத்தில் வந்து நின்றாள். தன் ஊர் ஷியாங்டான் என்றாள். அங்கே தாமரை விதை பிரபலம், பாட்டி ஒவ்வொரு விதையிலிருந்தும் கசக்கும் பச்சை முளையை ஊசியால் தள்ளி எடுப்பார், அந்த முளையைத் தனியாகக் காயவைத்து டீ போடுவார்கள் என்று ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். நான் வகுப்பில் கேட்ட கேள்விக்கான பதில் முழுதும் அவளிடம் இருந்தது. அதைச் சொல்ல நான்தான் வழி வைக்கவில்லை.

பத்து வயதில் திருச்சியிலிருந்து டொரொண்டோவுக்குப் போனவள் நான். புதுப் பள்ளியில் முதல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. பதில் தெரியும். ஆனால் வாக்கியம் மனதில் தயாராவதற்குள் வேறு யாரோ சொல்லிவிடுவார்கள். அதனால் சாங்ஷாவில் பார்த்த மௌனம் எனக்குப் பழக்கமான மௌனம். மூன்று ஆண்டு அங்கே பேச்சு ஆங்கிலம் கற்பித்ததில் தெரிந்துகொண்டதை, புதிதாகப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது சீனாவின் பொது விதி. ஆங்கிலம் என்றால் நடைமுறையில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட்டுகளைப் பார்க்கிறார்கள். அந்த நாடுகளில் வளர்ந்த தமிழர்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஆங்கில ஆசிரியர் வேலைக்கு அனுமதி கிடைப்பது கடினம். வேறொரு துறையில் உயர்பட்டம் பெற்று, அந்தத் துறை ஆசிரியராகப் போகிறவர்கள் உண்டு.

இளங்கலைப் பட்டம், பொதுவாக இரண்டு ஆண்டு பணி அனுபவம், போலீஸ் சான்றிதழ், உடல் பரிசோதனை ஆகியவை வேண்டும். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அனுபவ நிபந்தனையில் தளர்வு கிடைக்கலாம். ஒரு நாட்டின் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்க வைக்கும் அப்போஸ்டில் முத்திரை 2023 நவம்பர் 7 முதல் சீனாவில் செல்லும். அதனால் சான்றிதழ்களைத் தூதரகத்துக்குத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை பல நாட்டவருக்குக் குறைந்துவிட்டது. போக வேண்டியது வேலைக்கான இசட் விசாவில் மட்டும். "சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜெண்டை அப்போதே விட்டுவிடுங்கள். போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்கும் இடத்தைப் போலீசில் பதிய வேண்டும். 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக அலுவலகம் கூடவே ஆள் அனுப்பும், ஆனாலும் தேதியை நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டியவை: நல்ல ஸ்வெட்டர், வெந்நீர் ஃப்ளாஸ்க், ஏற்கெனவே தரவிறக்கிய ஒலி, ஒளிக் கோப்புகள். யூடியூப், கூகுள், வாட்ஸாப் எதுவும் அங்கே திறக்காது. முழுப் பாடத்தையும் யூடியூப் இணைப்பில் வைத்துக்கொண்டு வகுப்பில் நிற்கும் நிலை வேண்டாம். ஸ்வெட்டர் ஏன் என்றால், சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே உள்ள ஊர்களில் வடக்கே இருப்பது போன்ற பொது வெப்ப வசதி கிடையாது. சாங்ஷா தெற்கே. டிசம்பரில் வகுப்பறைக்குள் மூச்சு விட்டால் புகை தெரியும்.

வைக்கக் கூடாதது ஒன்று: வெளிநாட்டில் அச்சான உலக வரைபடம். எல்லைக்கோடு அங்கே மிகப் பெரிய விஷயம். நம் பள்ளி அட்லஸில் இருக்கும் இந்திய வடகிழக்கு எல்லை அவர்கள் வரைபடத்தில் வேறு மாதிரி இருக்கும். ஊரைக் காட்ட வேண்டுமென்றால் கரும்பலகையில் கையால் ஒரு முக்கோணம் போட்டுத் தெற்கே ஒரு புள்ளி வையுங்கள், போதும்.

2. எதிரே இருப்பவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் காவோகாவ் என்ற நுழைவுத் தேர்வைத் தாண்டி வந்தவர்கள். ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் தேர்வு. 2024-இல் 1 கோடியே 34 லட்சம் பேர் அதற்குப் பதிவு செய்தார்கள். மொத்தம் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்திருப்பார்கள். 3,000-க்கும் மேற்பட்ட சொற்கள் மனப்பாடமாக இருக்கும். நீளமான பத்தியைப் படித்து, நுணுக்கமான கேள்விக்கு விடை குறிப்பார்கள். ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் பேச்சுக்கு அந்த 150-இல் இடமில்லை.

கல்லூரிக்கு வந்த பிறகும் இதே கதைதான். கல்லூரி ஆங்கிலத் தேர்வு என்று நாடு முழுக்க நடக்கும் தேர்வு ஒன்று உண்டு, 1987-இல் தொடங்கியது. நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று இரண்டு. ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும், மொத்தம் 710 மதிப்பெண். 425 வாங்கினால் தேறியதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சுத் தேர்வு தனி, விரும்புகிறவர்கள் மட்டும் விண்ணப்பித்து எடுக்கலாம். டிசம்பர் தொடக்கத்தில் உங்கள் வகுப்பில் மேசைக்கு அடியில் சொற்பட்டியல் புத்தகம் திறந்திருந்தால் இதுதான் காரணம். கோபப்படாதீர்கள். அந்த இரண்டு வாரமும் அந்தச் சொற்களையே பேச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

இப்படிப் படித்து வருவதால் உண்டாகும் நிலைக்குச் சீனர்களே வைத்த பெயர் 'யாபா யிங்யூ', அதாவது ஊமை ஆங்கிலம். மாணவர்கள் தங்களைப் பற்றி இந்தச் சொல்லை வருத்தத்தோடு சொல்வார்கள். "உங்களிடம் ஆங்கிலம் இருக்கிறது, வெளியே வர வழிதான் பழக வேண்டும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சு கிடையாது, உண்மை நிலவரமே அதுதான்.

இன்னொரு விஷயம், வகுப்பு அமைப்பு. நம்மூரில் செக்‌ஷன் என்பது போல, சேர்ந்த நாளில் பிரிக்கப்பட்ட முப்பது நாற்பது பேர் நான்கு ஆண்டும் ஒன்றாகவே இருப்பார்கள். ஒரே பாடங்கள், பக்கத்துப் பக்கத்து விடுதி அறைகள், அறைக்கு நாலு பேரோ ஆறு பேரோ. அதனால் வகுப்பில் ஒருவர் தடுமாறினால் அதைப் பார்த்தவர்களோடுதான் இரவு தூங்கப் போக வேண்டும். 'மியன்ஸி' என்று அவர்கள் சொல்வதை முகம் என்று மொழிபெயர்க்கிறார்கள். நம் வழக்கில் "நாலு பேர் முன்னால் மானம் போயிடும்" என்கிறோமே, அதற்கு மிகவும் பக்கத்தில் வரும் சொல் அது. அந்த நாலு பேர் நான்கு ஆண்டும் மாறவே மாட்டார்கள் என்பதை மட்டும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

வகுப்புத் தலைவர் 'பான்ஜாங்'. இவரை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் குழு தொடங்குவது, அறை மாற்றத்தைத் தெரிவிப்பது, அக்டோபர் 1 தேசிய தின விடுமுறைக்கு ஈடாக எந்த சனி, ஞாயிறு வகுப்பு வரும் என்று சொல்வது எல்லாம் அவர்தான். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரண்டரை வரை அவருக்கும் செய்தி அனுப்பாதீர்கள். அது எல்லோரும் தூங்கும் நேரம்.

3. முதல் வகுப்பு: பெயர்

வருகைப் பதிவேட்டைக் கொடுப்பார்கள். பலர் தங்களுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருப்பார்கள். சிலர் "எனக்கு ஒரு பெயர் வையுங்கள், டீச்சர்" என்று கேட்பார்கள். நான் வைப்பதில்லை. ஆங்கிலப் பெயரில் தைரியமாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். (சீன வானொலித் தமிழ்ப் பிரிவின் அறிவிப்பாளர்கள் அழகான தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பெயர் மாறும்போது குரலுக்கே ஒரு துணிச்சல் வருகிறது.) ஆனால் "சீனப் பெயரில் கூப்பிடுவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே" என்பதற்காக யாரும் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

முதல் பாடமாக இதைச் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு தாள். அதில் தங்கள் பெயரைப் பெரிதாகச் சீன எழுத்தில் எழுத வேண்டும். கறுப்பு மை அல்லது நீல மை. ஒருவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவது அங்கே அமங்கலம். நீங்களும் விடைத்தாளில் பெயரைச் சிவப்பில் எழுதிவிடாதீர்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன பொருள், யார் வைத்தது, ஏன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எல்லோரிடமும் கதை இருக்கிறது, தப்பான விடை என்று எதுவுமில்லை. தாத்தா அகராதி பார்த்து வைத்தார், மழை நாளில் பிறந்தேன், ஜாதகத்தில் தண்ணீர் குறைந்திருந்ததால் தண்ணீர் சேர்ந்த எழுத்து வைத்தார்கள் என்றெல்லாம் வரும்.

பிறகு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும் என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அவர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால், வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால், நமக்கு இல்லவே இல்லை. கனடாவில் ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று என் அப்பா திணறியதைச் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பையன் கை தூக்காமலே ஒரு கேள்வி கேட்டான்: "அப்படியானால் உங்கள் அம்மா என்ன எழுதினார்?"

4. பேச வைக்கும் முறை

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"யாராவது சொல்லுங்கள்" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முன்வருகிறவர் தன்னை நாலு பேருக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொள்கிறார், தப்பாகச் சொன்னால் கீழேயும் விழுகிறார். இரண்டையும் அவர்கள் விரும்புவதில்லை. பதிலாக இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஒரு நிமிடம் மௌனமாக யோசிக்க விடுங்கள். கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம். ஆசிரியருக்கு அது மிக நீண்ட நிமிடம், வாயை மூடிக்கொள்வதை நாம்தான் பழக வேண்டும். அடுத்து நான்கைந்து சொல் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொற்கள் மட்டும். வாக்கியம் எழுதினால் அதைப் பார்த்துப் படிப்பார்கள். மூன்றாவது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது. நான்காவது, இரண்டு ஜோடி சேர்ந்து நாலு பேர், அதில் ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லாமல் ஜோடியின் கதையைச் சொல்ல வேண்டும். கடைசியாகத்தான் முழு வகுப்பு. அப்போதும் "உன் கருத்து என்ன" என்று கேட்காமல் "உங்கள் குழு என்ன பேசியது" என்று கேளுங்கள். குழுவின் பெயரில் பேசும்போது ஒருவர் மேல் பாரம் விழுவதில்லை. அதற்குள் அதே விஷயத்தை இரண்டு முறை பேசியிருப்பதால் நாக்கும் தயாராக இருக்கும்.

வகுப்பறையில் மேசைகள் பெரும்பாலும் தரையோடு திருகாணி போட்டு இறுக்கியிருக்கும். வட்டமாக உட்கார வைக்க முடியாது. ஒற்றைப்படை வரிசைக்காரர்களை அப்படியே பின்னால் திரும்பச் சொல்லுங்கள். நாலு பேர் குழு தயார். டிசம்பரில் எல்லோரையும் எழுப்பி, சுவர் ஓரமாக இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்திவிடுவேன். குளிருக்கும் நல்லது, மதிய வகுப்புத் தூக்கத்துக்கும் நல்லது. குறித்த நேரம் முடிந்ததும் ஒரு வரிசை மட்டும் ஓர் ஆள் நகரும். இதில் ஒரே கதையை முதலில் நான்கு நிமிடம், அடுத்த ஆளிடம் மூன்று நிமிடம், மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடம் என்று சொல்ல வைக்கும் பயிற்சி மிகவும் பலன் தரும். மொழிக் கல்வி அறிஞர் பால் நேஷன் எழுத்துகள் வழியாகப் பரவலான முறை இது. நேரம் குறையக் குறைய தயக்கம் குறைகிறது. மூன்றாவது முறை சொல்லும்போது அவர்கள் கண்கள் தாளைப் பார்ப்பதில்லை.

தலைப்பு விடுதி அறை அளவில் இருக்கட்டும். "உலகமயமாக்கல் பற்றி உன் கருத்து" என்று கேட்டால் தேர்வுக்குப் படித்த பத்தி வரும். "அறைத் தோழன் இரவு பன்னிரண்டு மணிக்குச் சத்தமாக கேம் விளையாடுகிறான், காலை எட்டு மணிக்கு உனக்கு வகுப்பு. என்ன சொல்வாய்?" என்று கேட்டால் வகுப்பே சூடாகிவிடும். இந்தப் பாடத்தை நான் இப்படி நடத்துவேன். முதலில் சீன மொழியில் நிஜமாகவே என்ன சொல்வார்கள் என்று ஜோடியாகப் பேசட்டும். பெரும்பாலானோர் நேரடியாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். படுக்கையில் புரண்டு சத்தம் செய்வார்கள், அல்லது மறுநாள் குழுவில் பொதுவாக ஒரு செய்தி போடுவார்கள். சரி, இப்போது அந்த அறைத் தோழன் கனடாவிலிருந்து வந்தவன், புரண்டு படுத்தால் அவனுக்குப் புரியாது. என்ன சொல்வது? இங்கேதான் ஆங்கிலம் தேவைப்படுகிறது. "வுட் யூ மைண்ட்", "ஐ வாஸ் வொண்டரிங் இஃப்" போன்ற தொடர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவற்றை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பார்கள், எதற்குப் பயன்படும் என்பது அந்த நிமிடத்தில்தான் விளங்கும்.

சீன மொழியை வகுப்பில் முழுதாகத் தடுக்காதீர்கள். யோசிக்கும் கட்டத்தில் அது இருக்கட்டும், பேசும் கட்டத்தில் வேண்டாம்.

5. பிழை திருத்துவது

பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே திருத்தாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வரிசைகளுக்கு நடுவே நடந்து, காதில் விழும் பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி பத்து நிமிடத்தில், யார் சொன்னது என்று காட்டாமல் ஆறு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, ஜோடியாகத் திருத்தச் சொல்லுங்கள்.

அடிக்கடி வரும் பிழைகளுக்கெல்லாம் காரணம் உண்டு. 'ஹி', 'ஷி' மாறி மாறி வரும். சீனத்தில் அவனும் அவளும் எழுத்தில் வேறு, ஒலியில் இரண்டும் 'தா'. இறந்தகாலம் விட்டுப்போகும், அவர்கள் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதில்லை. விளக்கை 'ஓப்பன்' செய்வார்கள், சீனத்தில் விளக்கைத் திறப்பதுதான் வழக்கு. நாம் லைட்டைப் 'போடுகிற' மாதிரி. இருபது வயதுப் பையன் "நண்பர்களோடு விளையாடினேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் சும்மா ஊர் சுற்றினான் என்று பொருள். சீனத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

ஒலிப்பில் ஹூனான்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: ந, ல இரண்டும் கலந்துவிடும். ஊர்ப் பேச்சில் அவை ஒன்றுதான். 'ஸ்நோ' என்பது 'ஸ்லோ' ஆகும், 'நைட்' 'லைட்' ஆகும். இதற்கு எளிய வழி மூக்கைப் பிடித்துக்கொள்வது. மூக்கை அடைத்துக்கொண்டு 'ல' சொல்ல முடியும், 'ந' வராது. 36 பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போது வெட்கம் போய்ச் சிரிப்பு வரும், ஒலியும் பிடிபடும். சொல்லின் முடிவில் வரும் மெய்யும் கஷ்டம். சீனப் பொதுமொழியான மாண்டரினில் சொற்கள் உயிரிலோ, ந் அல்லது ங் போன்ற ஒலியிலோதான் முடியும், அதனால் 'குட்' என்பதோடு ஒரு சின்ன உயிரொலி ஒட்டிக்கொள்ளும். நாம் பஸ்ஸை 'பஸ்ஸு' ஆக்குவதைச் சொல்லிக் காட்டினேன், உடனே புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துச் சொல்லும் 'வ', உதட்டைக் குவித்துச் சொல்லும் 'வ' என்ற வேறுபாடு அவர்களுக்கும் தகராறு, நமக்கும் தகராறு. திராட்சைக் கொடி, திராட்சை மது இரண்டுக்குமான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'வைன்' தானே. இந்த இடத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே கண்ணாடி பார்த்துப் பழகலாம்.

6. பண்பாட்டைப் பாடமாக்குவது

நன்றி செலுத்தும் நாள், கிறிஸ்துமஸ் என்று ஸ்லைடு காட்டுவது பண்பாட்டுப் பாடம் ஆகாது. வான்கோழிப் படம் அவர்கள் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கும். ஒரு வாக்கியம் ஒரு மொழியில் அன்பாகவும் இன்னொரு மொழியில் காயமாகவும் ஏன் ஆகிறது என்று பார்ப்பதுதான் பயன்படும். இதில் தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆங்கிலம், சீனம் என்ற இரண்டு கரை மட்டும் இருந்தால் பாடம் ஒப்பீடாகி, ஒப்பீடு சீக்கிரம் போட்டியாகிவிடும். மூன்றாவதாகத் தமிழ் வந்து உட்கார்ந்தால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது.

'ச்சிலமா' என்று சீனத்தில் கேட்பார்கள். சாப்பிட்டாயா என்று பொருள், வணக்கம் என்பது கருத்து. நாமும் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்கிறோம். இதையே ஆங்கிலத்தில் ஒரு கனடாக்காரரிடம் கேட்டால், சாப்பிட அழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். விருந்தாளி கிளம்பும்போது சீனர் "மெதுவாகப் போங்கள்" என்பார், நாம் "பார்த்துப் போங்க" என்போம், கிளம்புகிறவர் "போயிட்டு வர்றேன்" என்பார். ஆங்கிலத்தில் மெதுவாக நடக்கச் சொன்னால் ஏதோ தரை வழுக்குகிறது போலிருக்கிறது. "உடம்பு வைச்சிருச்சே" என்று அத்தை சொன்னால் அது அக்கறை, சீனத்திலும் அப்படித்தான், ஆங்கிலத்தில் அதைச் சொல்லிவிட்டால் உறவே கெடும். வேலை செய்து களைத்தவரைப் பார்த்துச் சீனர் 'ஷின்கு ல' என்பார், "கஷ்டப்பட்டீங்க" என்பது போல. இதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று நாலு பேர் குழுவில் தேடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் தேடுவார்கள், ஒன்றும் சரியாகப் பொருந்தாது. அந்தத் தேடலில் வரும் பேச்சுதான் நமக்கு வேண்டியது.

என் வகுப்பில் மிக நன்றாக எடுபட்டது உறவுமுறைப் பாடம். பலகையில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் ஆங்கிலம்: 'அங்கிள்', 'ஆன்ட்டி', முடிந்துவிட்டது. அடுத்து சீனம்: அப்பாவின் அண்ணன் 'போபோ', தம்பி 'ஷூஷு', அம்மாவின் சகோதரன் 'ஜியுஜியு', அப்பாவின் சகோதரி 'கூகு'. மூன்றாவது பத்தியில் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று நேர் எதிரே எழுதிக்கொண்டே போனபோது வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒரு பையன், "டீச்சர், உங்களுக்கும் பெரியவர் யார் சின்னவர் யார் என்று தெரிந்தால்தான் கூப்பிட முடியுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்புறம் அவர்களாகவே, வயது தெரியாமல் ஆங்கிலத்தில் எப்படி மரியாதை காட்டுகிறார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். "வுட் யூ", "குட் யூ" என்று வினைச்சொல்லுக்குள் மரியாதையை வைக்கிறார்கள் என்ற முடிவுக்கு அவர்களே வந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அது ஒரு குறிப்பாக நோட்டில் கிடந்திருக்கும்.

பாராட்டுக்குப் பதில் சொல்வதும் பயிற்சி தேவைப்படும் இடம். "உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது" என்றால் 'நாலி நாலி', அதாவது "எங்கே, எங்கே" என்று மறுப்பது அவர்கள் பழைய பணிவு. ஆங்கிலத்தில் "நோ, நோ, மை இங்கிலிஷ் இஸ் வெரி பூர்" என்று மொழிபெயர்த்துவிடுவார்கள், பாராட்டியவர் திகைத்து நிற்பார். நன்றி சொல்லிவிட்டு, பாராட்டை வேறொன்றுக்குத் திருப்பிவிடப் பழக்குங்கள்: "தேங்க் யூ, ஐ ஹாட் அ குட் டீச்சர் இன் ஹை ஸ்கூல்." பணிவும் போகவில்லை, பேச்சும் நிற்கவில்லை.

ஆங்கிலம் போலத் தோன்றும் சீன வழக்குகளையும் கவனியுங்கள். ஓட்டலில் அவரவர் பங்கைக் கொடுப்பதை 'ஏஏ' என்பார்கள். இது ஆங்கிலம் என்று நம்புவார்கள், லண்டனில் யாருக்கும் புரியாது. இதற்கு நேர்மாறாக, 'ஜியாயோ' என்ற ஊக்கச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பான 'ஆட் ஆயில்' 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. இதைச் சொன்னால் அவர்களுக்கு வரும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். மொழி ஒரு பக்கமாகவே போகும் என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

"சீனர்கள் இப்படித்தான்" என்று நீங்களும் பேசாதீர்கள், அவர்களையும் "மேற்கத்தியர் இப்படித்தான்" என்று எழுத விடாதீர்கள். ஒரே அறையில் மிளகாய் இல்லாமல் சாப்பிட முடியாத ஹூனான் பெண்ணும், காலையில் கோதுமை ரொட்டி இல்லாமல் தவிக்கும் ஷான்டோங் பெண்ணும் இருப்பார்கள். "உங்கள் அறையில் எத்தனை ஊர்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் பண்பாட்டு வேறுபாடு வெளிநாட்டில் மட்டும் இல்லை என்பது தானாகத் தெரியும்.

7. நிறமும் உச்சரிப்பும்

வெளிநாட்டு ஆசிரியர் என்றால் மஞ்சள் முடி, நீலக் கண் என்று சிலர் எதிர்பார்த்திருப்பார்கள். உங்களைப் பார்த்ததும் முகத்தில் ஒரு கேள்வி தெரியும். முதல் வாரத்தில் எனக்கு அது வலித்தது. ஆனால் அது பெரும்பாலும் பழக்கமின்மைதான், வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மறைக்காமல் நேரே பேசுங்கள். "நானும் பத்து வயதில் கற்றுக்கொண்டவள், எப்படிக் கற்றேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது" என்று சொன்ன நாளில் வகுப்பு என் பக்கம் வந்தது. இரண்டாவது வாரத்தில் ஸ்காட்லாந்து, நைஜீரியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, இந்தியா என்று ஐந்து குரல்களைப் போட்டுக் காட்டுங்கள். இவர்களில் பலரோடுதான் நாளை வேலை செய்யப் போகிறார்கள். இந்தியா பற்றிய கேள்விகளும் வரும்: ஆமிர் கான் படங்கள், கையால் சாப்பிடுவது, சாதி. தெரிந்ததை ஒளிவில்லாமல் சொல்லுங்கள்.

8. தொடக் கூடாதவை

தைவான், திபெத், 1989 தியானன்மென், எல்லைத் தகராறு. இவற்றை நீங்களாக எடுக்காதீர்கள், மாணவர் எடுத்தால் மெதுவாகத் திருப்பிவிடுங்கள். நீங்கள் ஒருநாள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டியவர்கள். மதப் பரப்புரை கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். விலை உயர்ந்த பரிசு வாங்காதீர்கள். செப்டம்பர் 10 அங்கே ஆசிரியர் தினம், ஒரு பூ, ஒரு பால் டீ வந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பரிசு கொடுப்பதானால் கடிகாரமும் பச்சைத் தொப்பியும் வேண்டாம். கடிகாரம் கொடுப்பதைச் சீனத்தில் சொன்னால் சாவைக் குறிக்கும் சொல் போல ஒலிக்கும், இரண்டாவது மனைவி ஏமாற்றியதைக் குறிக்கும்.

9. மதிப்பெண்

பாடத்தின் மொத்த மதிப்பெண்ணில் அன்றாட வகுப்புக்கு ஒரு பங்கு, கடைசித் தேர்வுக்கு ஒரு பங்கு. விகிதத்தைத் துறையில் கேட்டு, முதல் வாரமே பலகையில் எழுதிவிடுங்கள். பேசும் எண்ணிக்கையை வைத்து அன்றாட மதிப்பெண் போடாதீர்கள். அது ஏற்கெனவே பேசுகிறவர்களுக்கே போய்ச் சேரும். ஜோடி வேலையில் பங்கெடுத்தார்களா என்று பாருங்கள்.

கடைசித் தேர்வில் தனித்தனியாக உரை நிகழ்த்தச் சொன்னால் மனப்பாடம்தான் வரும். இப்போது அந்த உரையை எழுதித் தர செயலிகளும் இருக்கின்றன. இருவர் இருவராகக் கூப்பிடுங்கள். ஒரு பெட்டியில் பதினைந்து சூழல்கள் எழுதிய சீட்டுகள். அந்தப் பதினைந்தையும் இரண்டு வாரம் முன்பே வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். எது வரும் என்பது மட்டும் தெரியாது, யாரோடு என்பதும் தெரியாது. இரண்டு நிமிடம் யோசிக்க, ஐந்து நிமிடம் பேச. மற்றவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியம் வருகிறதா என்பதற்கு நான் பாதி மதிப்பெண் வைத்திருந்தேன். கேட்காமல் பேசினால் அது உரையாடல் இல்லையே.

10. வகுப்புக்கு வெளியே, முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை

'யிங்யூ ஜியாவ்' என்னும் ஆங்கில மூலை பல கல்லூரிகளில் இன்னும் உண்டு. மாலையில் மரத்தடியில் கூடி ஆங்கிலம் பேசுவது, 1970-களின் இறுதியிலிருந்து வரும் பழக்கம். போங்கள், ஆனால் நடுவில் நின்று முப்பது பேருக்குப் பதில் சொல்பவராக ஆகிவிடாதீர்கள். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அவர்களுக்குள் பேச விட்டு நகருங்கள். என்னைக் கேட்டால், உணவுக்கூடத்தில் மாணவர்களோடு தட்டோடு உட்காருவது அதைவிட நல்லது. அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் தங்கள் போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து வீசாட்டில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தலைப்பு: என் ஊர். வகுப்பு முன்னால் வேண்டாம், விடுதிப் படிக்கட்டிலோ மைதானத்திலோ நின்று பேசட்டும். அதைத் திருத்தாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள், அப்படியே சேமித்து வையுங்கள். கடைசி வாரத்தில், எழுதி வைத்துக்கொள்ளாமல் அதே தலைப்பில் மறுபடி ஒரு நிமிடம். பிறகு முதல் பதிவை அவரவருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

தாமரை விதை சொன்ன மாணவி தன் பழைய பதிவை ஒரு காதில் வைத்துக் கேட்டாள். அதில் பதினோரு விநாடி ஒன்றுமே இல்லை, காற்றுச் சத்தம் மட்டும். நிறுத்திவிட்டுப் புதிய பதிவைக் கேட்டாள். பிறகு என் மேசைக்கு வந்து, "டீச்சர், பாட்டி டீ போடுவதை விட்டுவிட்டேன். இன்னொரு நிமிடம் கிடைக்குமா?" என்றாள்.